ருபியேலா வீட்டுக்கடியில் ஓடிய தண்ணீர்

மண்ணுக்கடியில் குழாய்க் கசிவு தேடப் போகிறவன் முதலில் செய்ய வேண்டியது காலணியைக் கழற்றுவது. தோலானாலும் ரப்பரானாலும், நிற்கிறவன் கால் மாற்றும்போது அது முனகும். அந்த முனகல் கேட்கிற கம்பி வழியே காதுக்கு ஏறிவிடும். முப்பத்து நான்கு வருஷம் வெறுங்காலோடு நின்று கேட்டவன் நான். விசாரணைக்கு நீங்கள் வந்ததிலிருந்து என் பாத வெடிப்புகளையே பார்க்கிறீர்கள், அம்மா, அதனால் சொன்னேன்.

என் பெயர் அர்செசியோ. எங்கள் பேட்டையான லா ஓர்கேத்தாவில் அந்தப் பெயரைச் சொல்கிறவர்கள் குறைவு. 'தோன் காது' என்பார்கள், காது ஐயா என்கிற மாதிரி. மரியாதையும் கேலியும் பாதிப் பாதி கலந்த பெயர். மெடலினின் வடகிழக்குச் சரிவில் எங்கள் பேட்டை வரைக்கும் நகராட்சிக் குழாய் ஏறி வரவில்லை. மேலே ஓடையருகே தொட்டி கட்டி, பழைய இரும்புக் குழாய்களை வாங்கி வந்து நாங்களே தண்ணீரை இறக்கினோம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்துவிட வேண்டும். தோண்டுகிறவர்கள் தோண்ட, மற்றவர்கள் பெரிய அண்டாவில் கோழி, மரவள்ளி, வாழைக்காய் எல்லாம் போட்டு சங்கோச்சோ காய்ச்சுவார்கள். இதைக் கொன்வீத்தே என்போம். எங்கள் படிக்கட்டு, பள்ளிக்கூடம், சாக்கடை எல்லாம் அப்படி வந்தவைதான். குழாய் புதைத்த பிறகு, அதன் மேலேயே வீடுகள் வந்தன. வரைபடம் கிடையாது. எந்தக் குழாய் யார் அடுப்புக்கடியில் போகிறது என்பது என் ஒருவன் தலைக்குள் இருந்தது. தொட்டி வால்வின் சாவி என் இடுப்பில் இருந்தது.

என் கருவி ஐந்தடி எஃகுக் கம்பி. ஒரு முனையில் மரக்குமிழ். கம்பியைத் தரையில் ஊன்றிக் குமிழைக் காதில் வைத்தால் பூமி பேசும். சின்ன ஓட்டை சீறும், பெரிய ஓட்டை உறுமும். ஈரம் தெரிகிற இடத்தைத் தோண்டுகிறவன் ஏமாந்து போவான். குழாய் உடைந்த இடத்திலேயே தண்ணீர் வெளியே வராது. குழாயை ஒட்டியே பத்து வீடு தள்ளிப் போய் அங்கே நிற்கும். அதனால்தான் காது வேண்டியிருந்தது.

மேட்டில் கசிவு என்றால் கவலை தண்ணீரைப் பற்றியது மட்டும் அல்ல. ஈரம் குடித்த சரிவு ஒருநாள் இறங்கிவிடும். பக்கத்துப் பேட்டையில் அப்படி மூன்று வீடுகள் போயின. ஆகவே எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கசிவு தெரிந்துவிட்டால் மூன்று நாளுக்கு மேல் விடக் கூடாது. அந்த வழக்கத்தைக் கூட்டத்தில் முன்மொழிந்தவனே நான்தான். பதிவேட்டில் இருக்கும், பாருங்கள்.

போன வருஷம் ஆகஸ்டில் ஒரு தவறு நடந்தது. அர்னுல்ஃபோவின் மளிகைக் கடைத் தரையில் இடம் குறித்தேன். அறுபது பேர் வந்து, அவர் ஆசையாய்ப் பதித்த ஓடுகளைப் பெயர்த்து, ஓர் ஆள் உயரத்துக்குத் தோண்டினார்கள். மண் உலர்ந்து கிடந்தது. கீழே பேருந்து திரும்பும் வளைவில் யாரோ இன்ஜினை அணைக்காமல் நிறுத்தியிருந்தான். அந்த உறுமல்தான் எனக்குக் கேட்டிருக்கிறது. யாருக்கும் நடக்கக்கூடியது.

குழியைச் சுற்றி எல்லோரும் சும்மா நின்றிருந்தார்கள். அப்போது ருபியேலா சொன்னாள்: "அட விடுங்க கொம்பாத்ரே. தண்ணி கிடைக்காட்டி என்ன, அர்னுல்ஃபோவுக்கு அருமையான கக்கூஸ் குழி கிடைச்சுதே."

அறுபது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு உட்கார்ந்து சங்கோச்சோ குடித்தேன். உப்பு கூடுதலாக இருந்தது ஞாபகம்.

ருபியேலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேட்டையின் தண்ணீர்க் குழுவுக்குத் தலைவி. ஜீன்ஸ் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பாள். புருஷன் விட்டுப் போய் வெகு நாளாயிற்று. மகள் லுஸ் தாரிக்கு ஒன்பது வயது. அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது கையில் ஏந்திக்கொண்டு நின்ற ஞானத்தகப்பன் நான். அதனால்தான் அவள் என்னைக் கொம்பாத்ரே என்று அழைப்பது, நான் அவளைக் கொம்மாத்ரே என்பது. பிள்ளையைப் பெற்றவர்களும் ஞானத்தகப்பனும் எங்கள் ஊரில் கூடப்பிறந்தவர்களுக்கு மேல். அவள்மேல் எனக்கு வெறுப்பு எதுவும் கிடையாது. இதை நீங்கள் தெளிவாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு முன் பேட்டையில் பிங்கோ ஆட்டம் நடத்திப் பணம் சேர்த்து ஒரு மெஷின் வாங்கினாள். தரையில் வைத்துத் தலையில் காதுக்கருவி மாட்டிக்கொண்டு கேட்பது. ஓட்டுகிறவன் அவள் தம்பி தூவான், தொழில்நுட்பப் படிப்பு முடித்தவன். அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தான். நல்ல பையன். என்னிடம் வந்து, "தோன் அர்செசியோ, நீங்க சொல்லச் சொல்ல நான் வரைஞ்சுக்கறேன். எல்லாக் குழாயும் ஒரு காகிதத்துல வந்துடும். மேல உங்க பேரையே போட்டுடலாம்" என்றான். பார்க்கலாம் என்றேன். இரண்டு மூன்று தடவை கேட்டான். பிறகு கேட்பதை விட்டுவிட்டான்.

ஏப்ரலில் மேல்வீட்டுக்காரர்களுக்கு மத்தியானமே குழாய் வற்ற ஆரம்பித்தது. தொட்டி நிரம்புகிறது, ஆனால் நிற்கவில்லை. எங்கோ போகிறது. மழைக்காலம், எல்லாச் சுவரும் ஈரமாய் இருந்தன, ஈரத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒரு திங்கட்கிழமை காலை ருபியேலா வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போனேன். அவள் தையல் மெஷினில் இருந்தாள். சமையலறைக் குழாயின் தலையில் காப்பி ஸ்பூனை வைத்து மறுமுனையைப் பல்லில் கடித்தேன். பழைய பழக்கம், எந்த வீட்டுக்குப் போனாலும் செய்வேன். தாடை எலும்பு வழியாகக் கேட்டது. சின்ன ஓட்டை, நல்ல அழுத்தம். பின்னறையில், லுஸ் தாரியின் கட்டில் தலைமாட்டுக்கு நேர் கீழே. அந்த இடத்தில் குழாயின் இணைப்பைத் திருகியது நான்தான், வீடு வருவதற்கு முன்னால்.

அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்று நாளுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தன. அதுவரை குற்றம் என்று எதுவும் இல்லை, நீங்களே யோசித்துப் பாருங்கள்.

குழு கூடியது. சனிக்கிழமை காலையில் தூவான் மெஷினோடு கேட்பது, ஞாயிறு கொன்வீத்தே வைத்துத் தோண்டுவது என்று முடிவாயிற்று. கேட்கும்போது குழாயில் முழு அழுத்தம் இருக்க வேண்டும், வால்வை முழுக்கத் திறந்து வையுங்கள் என்று தூவான் என்னிடம் கேட்டுக்கொண்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தொட்டிக்கு ஏறிப்போய் வால்வை மூன்று சுற்று மூடினேன். மூன்றே மூன்று சுற்று. வீடுகளுக்குத் தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது, யாருக்கும் குறை தெரியவில்லை. ஆனால் அழுத்தம் குறைந்தால் சின்னக் கசிவு வாயை மூடிக்கொள்ளும். எனக்குப் பேருந்து வாய்த்தது போல மெஷினுக்கும் ஒன்று வாய்க்கட்டும் என்று நினைத்தேன். அதற்கு மேல் எனக்கு எந்தத் திட்டமும் இருக்கவில்லை.

தூவான் காலையிலிருந்து நடந்தான். கால்பந்து மைதானத்து ஓரத்தில் நின்றான், திரும்ப வந்து நின்றான், சுண்ணாம்பால் வட்டம் போட்டான். அந்த இடத்துக்கடியில் பழைய மழைநீர்ச் சாக்கடை ஒன்று போகிறது. அதைப் புதைத்தவர்களில் உயிரோடு இருப்பவன் நான் ஒருவன். எல்லோரும் இருக்கும்போது, "நீங்க என்ன சொல்றீங்க, தோன் அர்செசியோ?" என்று கேட்டான்.

"மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன்.

ஞாயிறு தோண்டினார்கள். மத்தியானம் வரை தோண்டினார்கள். சாக்கடையின் சிமெண்டு முதுகு தெரிந்தது. கசிவு இல்லை.

இப்போது நான் சொல்லப் போவதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் என் பக்கத்து நியாயம் இதில்தான் இருக்கிறது. அன்று காலையிலேயே வால்வை முழுக்கத் திறந்துவிட்டேன். கம்பியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். குழி உலர்ந்து கிடப்பதை எல்லோரும் பார்த்த பிறகு, கூட்டத்தோடு கூட்டமாக ருபியேலா வீட்டுக்கு நடந்து போய், பின்னறைக் கட்டிலை நகர்த்தச் சொல்லி, கம்பியை ஊன்றி, இங்கே என்று காட்டுவதாக இருந்தேன். அன்று சாயங்காலத்துக்குள் சரி செய்திருப்போம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

ஆனால் யாரும் சிரிக்கவில்லை. அர்னுல்ஃபோ தூவானின் தோளைத் தட்டினார். ஒரு கிழவி அவன் நெற்றியைத் துடைத்துவிட்டாள். ருபியேலா கோழிக்காலாகப் பார்த்துப் போட்டு சங்கோச்சோக் கிண்ணத்தை அவன் கையில் கொடுத்து, "முதல் தடவைதானே. மெஷினுக்கும் ஊர் பழகணும்ல" என்றாள். குழியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவரவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் கம்பியைத் துணியோடு வீட்டுக்கு எடுத்துப் போனேன். ஒரு குழி போதாது என்று பட்டது. இரண்டாவது குழியும் உலர்ந்து கிடந்தால் யாராவது ஒருவர் வாய் திறப்பார்கள். ஒரு வாரம்தான்.

அடுத்த ஞாயிறு மழை, கொன்வீத்தே கூடவில்லை. அதற்கடுத்த ஞாயிறு அன்னையர் தினம். அன்றைக்கு எங்கள் நாட்டில் யாரும் மண்வெட்டி தொடமாட்டார்கள், உங்களுக்குத் தெரியும். இந்த இரண்டு வாரத்தையும் நான் உண்டாக்கவில்லை.

தினமும் போய்ப் பார்த்துக்கொண்டேன். நான் அக்கறையில்லாமல் இருந்ததாக அர்னுல்ஃபோ சொல்லியிருந்தால் அது பொய். பின்னறைச் சுவரில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியது. அதன் நுனியில் பென்சிலால் தேதி போட்டேன். நான்கு நாள் கழித்து வெடிப்பு அந்தத் தேதியைத் தாண்டி விரல் நீளம் போயிருந்தது, மறுபடி தேதி போட்டேன். கதவு நிலையில் இடித்தது, சாத்த முடியவில்லை. இழைப்புளி கொண்டுபோய் அடிப்பாகத்தைச் சீவிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் மறுபடி இடித்தது. மறுபடி சீவினேன். லுஸ் தாரி மரச்சுருள்களைப் பொறுக்கிக் காதில் தொங்கவிட்டுக்கொண்டு, "ஞானப்பா, எனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். ராணி மாதிரி இருக்கிறது என்றேன்.

அன்னையர் தினத்துக்கு மறுநாள் ருபியேலா என்னைச் சமையலறையில் உட்கார வைத்தாள். பனேலா வெல்லத் தண்ணீரைச் சுட வைத்துக் கொடுத்தாள். பக்கத்து ஊர் பெயோவில் இருக்கிற நாத்தனார், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொஞ்ச நாள் வந்து இருக்கச் சொல்கிறாளாம். போனால் தைக்கிற வேலை நின்றுவிடும், இந்த ஆர்டரை விட்டால் கம்பெனிக்காரன் அடுத்தது கொடுக்க மாட்டான்.

"கொம்பாத்ரே, எனக்கு உண்மையைச் சொல்லுங்க. என் வீட்டுக்கடியில ஏதாவது ஓடுதா?"

"தூவான் கேட்டுப் பாக்கலையா?" என்றேன்.

"கேட்டான். அந்தச் சனிக்கிழமையே மெஷினை வச்சுப் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னுட்டான். அந்த மெஷின் கிடக்கட்டும். நான் உங்க காதைத்தான் நம்புறேன். நீங்க ஓடலைன்னா ஓடலை. ஓடுதுன்னா இன்னைக்கே பெட்டியைக் கட்டுறேன்."

இந்த இடத்தில் நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். நானும் அன்று யோசித்தேன். கையில் டம்ளர் சூடாக இருந்தது. எனக்கு வேண்டியது அதுதான், அவள் வாயாலேயே வந்துவிட்டது. ஆனால் அதை அவள் சமையலறையில் சொன்னாள், நான் ஒருவன் கேட்க. அந்தக் கக்கூஸ் குழிப் பேச்சை அறுபது பேர் முன்னால் சொன்னவள்.

"மழை ஈரம், கொம்மாத்ரே. வெயில் அடிச்சா காஞ்சிடும். நீ தையலைப் பாரு" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாத்தனாருக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொன்னதை நான் அங்கே இருக்கும்போதே கேட்டேன்.

வியாழக்கிழமை மறுபடி ஸ்பூனைக் கடித்துக் கேட்டபோது சீறல் இல்லை. தெரியாதவன் கசிவு நின்றுவிட்டது என்பான். மண் குடித்து நிறைந்து, ஓட்டையைச் சுற்றிக் குளம் கட்டிவிட்டால் சத்தம் அமுங்கிவிடும். வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு யாரோ பேசுவது போல இருக்கும். முப்பத்து நான்கு வருஷத்தில் இரண்டு தடவைதான் அதைக் கேட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் அன்றைக்கே ஆட்களை வெளியேற்றினோம்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். வியாழனிலிருந்து எண்ணினால் மூன்று நாள்தான். வழக்கத்துக்கு உட்பட்டதே.

சனிக்கிழமை பலத்த மழை. மெஷினை நனைக்க முடியாது என்று தூவான் வீட்டிலேயே இருந்துவிட்டான். ருபியேலா தைத்த மூட்டையைக் கொடுக்கக் கீழே போயிருந்தாள். பிள்ளைக்குச் சளி, மாமனோடு விட்டுப் போனாள். நான்கு மணிக்குச் சத்தம் கேட்டது. பெரிய சத்தம் இல்லை. லாரியிலிருந்து மணல் கொட்டுவது போல. நான் போவதற்குள் அந்த வீடு இருந்த இடத்தில் சரிவு மட்டும் இருந்தது. தகரக் கூரை முழுசாகக் கீழே போய் நின்றிருந்தது.

யாரும் அழைக்காமலேயே கொன்வீத்தே கூடிவிட்டது. மண்வெட்டி, வாளி, வெறும் கை. எங்கே தோண்டுவது என்று தெரியாமல் ஆளுக்கொரு பக்கம் தோண்டினார்கள். அர்னுல்ஃபோதான் எல்லோரையும் நிறுத்தினார். "தோன் காதைக் கூப்பிடுங்க. எல்லாரும் அசையாம நில்லுங்க" என்றார். எண்பது, தொண்ணூறு பேர் இருப்பார்கள். மழையில் மூச்சுக்கூட விடாமல் நின்றார்கள். நான் பூட்ஸைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கிக் கம்பியை ஊன்றினேன்.

தண்ணீர் உறுமியது. குழாய் முழுசாக உடைந்து, மண்ணுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த உறுமலுக்கு அடியில் வேறொன்று. இரும்பில் கல்லால் தட்டுவது போல. மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மூன்று தட்டு. படித்த பையன். குழாயில் தட்டினால் சத்தம் ஓடும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

ருபியேலா அப்போதுதான் படியேறி வந்தாள். வெறும் பை கையில் இருந்தது. அழவில்லை. நான் கம்பியில் காது வைத்திருப்பதைப் பார்த்ததும் அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. "கேளுங்க கொம்பாத்ரே. நிதானமாக் கேட்டுச் சொல்லுங்க" என்றாள்.

எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு முக்கால்வாசி தெரிந்தது. மிச்சக் கால்வாசிக்கு வால்வை மூட வேண்டும், உறுமல் நின்றால் தட்டல் துல்லியமாகக் கேட்கும். சாவி இடுப்பில் இருந்தது. தொட்டிக்கு ஏற ஐந்து நிமிஷம். ஆனால் சரிவின் அடியிலிருந்து கலங்கலாக ஒரு ஓடை வந்துகொண்டிருந்தது, எல்லோரும் அதை மழைத் தண்ணீர் என்று நினைத்தார்கள். நான் வால்வை மூடினதும் அது நின்றுவிடும். அங்கே நின்றவர்கள் அத்தனை பேரும் குழாய் புதைத்தவர்கள். வீட்டை இறக்கியது குழாய்த் தண்ணீர்தான் என்று ஒரு நொடியில் புரிந்துகொள்வார்கள்.

மூடாமலேயே இடத்தைக் காட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். முக்கால்வாசியை வைத்துக்கொண்டு எப்படிக் காட்டுவது, அம்மா? அத்தனை பேர் தோண்டி, மறுபடி வெறும் மண்ணாக இருந்தால்?

"இன்னும் ஒண்ணும் தெரியல. இன்னொரு இடத்துல பாக்கறேன்" என்றேன். இடம் மாற்றி மாற்றி ஊன்றினேன். ஒவ்வொரு தடவையும் எல்லோரும் நின்றார்கள், ஒவ்வொரு தடவையும் ருபியேலா என் வாயைப் பார்த்தாள். தீயணைப்புப் படை வந்தது. தலைவர் முதலில் கேட்டது, தண்ணீரை அடைத்தாயிற்றா என்றுதான். அடைத்தாயிற்று என்றேன்.

தட்டல் இரண்டு இரண்டாகக் குறைந்தது. பிறகு ஒன்று ஒன்றாக. அது நின்றபோது ஐந்தேகால் இருக்கும். மொத்தம் ஐம்பது நிமிஷம் தட்டினான். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை, நான் சொல்லியிருக்காவிட்டால் உங்களுக்கும் தெரிந்திருக்காது.

அதற்கப்புறம் அர்னுல்ஃபோ சேற்றுக் கையைக் கழுவப் பக்கத்து வீட்டு வாசல் குழாயைத் திறந்தார். தண்ணீர் வந்தது. அவர் கையைக் கழுவவில்லை. குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் தொட்டிக்கு ஏறிப்போய் வால்வை மூடினேன். இறங்கி வரும்போது சரிவின் அடியில் அந்த ஓடை மெலிந்து, சொட்டி, நின்றது. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ருபியேலாவும் பார்த்தாள். அவள் என்னிடம் அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகும் பேசவில்லை. அவள் என்னைப் பற்றி உங்களிடம் என்ன சொன்னாள் என்று நான் கேட்கப் போவதில்லை.

மழையும் விட்டிருந்தது. நான் கடைசியாகக் கம்பியை ஊன்றினேன். சுத்தமான அமைதி, அப்படிப்பட்ட அமைதியில் கேட்பது என் தொழிலில் அபூர்வம். எதுவும் இல்லை. என்றாலும் ஐம்பது நிமிஷம் கேட்டதை மனதில் ஓட்டிப் பார்த்துக் கணக்குப் போட்டேன். இங்கே, என்று ஒரு வட்டம் போட்டேன். தீயணைப்புத் தலைவருக்கு நம்பிக்கை இல்லை, தன் ஆட்களைக் கீழே கூரைப் பக்கம் தோண்டச் சொன்னார். பேட்டைக்காரர்கள் நான் போட்ட வட்டத்தில் தோண்டினார்கள்.

இரண்டு உடல்களும் அங்கேதான் இருந்தன. பையன் பிள்ளையின் மேல் கவிழ்ந்திருந்தான், கல் அவன் கையிலேயே இருந்தது. வட்டத்துக்கு உள்ளே, ஏறக்குறைய நடுவில். அத்தனை மண்ணுக்கு அடியில், மெஷின் இல்லாமல். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.